முத்து வெள்ளையா, சாம்பல் வெள்ளையா? உங்க வீட்டுச் சுவருக்கு எந்த ‘ஆஃப் ஒயிட்’ செட் ஆகும்?

பெயிண்ட் கடையில ஷேடு கார்டை விரிச்சுப் பார்த்திருக்கீங்களா? பச்சை, நீலம், ரோஸ் எல்லாம் ரெண்டு நிமிஷத்துல முடிவாகிடும். வெள்ளைப் பக்கம் வந்ததும் மொத்தக் குடும்பமும் அப்படியே நின்னுடும். ஐவரி, க்ரீம், பேர்ல், ஆய்ஸ்டர், கிரே ஒயிட்... எல்லாமே வெள்ளை மாதிரி இருக்கும். பக்கத்துல பக்கத்துல வெச்சா எதுவுமே வெள்ளையா இருக்காது.

ராமநாதபுரம் மாவட்டத்துல இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம். பல வீடுகளில் பணம் அனுப்புறவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வீடு கீழக்கரையிலோ பரமக்குடியிலோ பாம்பனிலோ எழும்பும். கலர் முடிவாகுறது வீடியோ காலில். லீவுல ஊருக்கு வந்து இறங்கினதும், ‘நான் சொன்ன கலர் இது இல்லையே’ன்னு ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். மெஷின்ல கலந்த பெயிண்ட்டைக் கடைக்காரர் பொதுவா திருப்பி எடுக்க மாட்டார். மறுபடி அடிச்சா பெயிண்ட் காசு, கூலிக் காசு ரெண்டும் இன்னொரு தடவை போகும்.

அதனால பார்க்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு வெள்ளைகளை எடுத்துக்கிட்டு, அதுங்க எங்கே பிரியுது, நம்ம ஊர் வெளிச்சத்துல எது எப்படி மாறும்னு பார்த்துடலாம்.

நம்பரைப் பார்த்தாலே குடும்பம் தெரியும்

ஜெர்மனியில 1927-ல் 40 நிறங்களோட ‘ஆர்ஏஎல்’னு ஒரு நிறப் பட்டியல் உருவாச்சு. வாடிக்கையாளரும் தயாரிப்பாளரும் நிறத்தை வாயால வர்ணிச்சுக்கிட்டு இருக்காம, நம்பரைச் சொல்லி வேலையை முடிக்கணும் என்பதுதான் நோக்கம். இன்னைக்கு உங்க வீட்டு அலுமினிய ஜன்னலுக்கு பவுடர் கோட்டிங் போடுறவங்க கையில இருக்குற கார்டுலயும் அந்த நம்பர்களைப் பார்க்கலாம்.

அதுல ரெண்டு நம்பரை எடுத்துக்கலாம். ஒண்ணு 1013. இன்னொண்ணு 9002.

1013-க்கு ஆங்கிலத்துல ‘ஆய்ஸ்டர் ஒயிட்’னு பேர், அதாவது சிப்பி வெள்ளை. அதே நிறத்துக்கு ஜெர்மன் மொழியில வெச்சிருக்குற பேர் ‘முத்து வெள்ளை’. மன்னார் வளைகுடாக் கரையில இருக்குற நமக்கு சிப்பியும் முத்தும் ஒண்ணு இல்லைன்னு நல்லாவே தெரியும். ஒரே நிறம் ஒரு மொழியில சிப்பி, இன்னொரு மொழியில முத்து. பேரை வெச்சு கலர் எடுக்கக் கூடாதுன்னு சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்தக் கட்டுரையில அதை ‘முத்து வெள்ளை’ன்னே கூப்பிடலாம்.

9002-க்கு ‘கிரே ஒயிட்’னு பேர். நமக்கு ‘சாம்பல் வெள்ளை’.

இந்தப் பட்டியல்ல முதல் எண்தான் குடும்பப் பேர். 1-ல் ஆரம்பிச்சா மஞ்சள், பழுப்புக் குடும்பம். 9-ல் ஆரம்பிச்சா வெள்ளை, கறுப்புக் குடும்பம். அதாவது முத்து வெள்ளையைப் பட்டியல் போட்டவங்களே வெள்ளைன்னு சேர்க்கலை, வெளிர் மஞ்சள்னுதான் சேர்த்திருக்காங்க. ரெண்டுமே சுவர்ல பட்டு கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரக்கூடிய நிறங்கள். அதனால ‘எது பளிச்சுன்னு இருக்கும்’னு கேட்டா விடை கிடைக்காது. எந்தப் பக்கம் சாயுதுங்கிறதுதான் கேள்வி. முத்து வெள்ளை மஞ்சள் பக்கம் சாயும். சாம்பல் வெள்ளை சாம்பல் பக்கம் சாயும்.

நீங்க வாங்குற எமல்ஷன் கம்பெனி வேற பேர், வேற நம்பர் வெச்சிருக்கும். கவலை இல்லை. உங்க வீட்டுல சண்டை நடக்குற ரெண்டு ஷேடும் பெரும்பாலும் இந்த ரெண்டு குடும்பத்துக்குள்ளதான் இருக்கும்.

வேட்டிக்கு நீலம் போட்ட கதைதான்

இந்தச் சாய்வைத்தான் இன்டீரியர்காரங்க ‘அண்டர்டோன்’னு சொல்றாங்க. புது விஷயம் மாதிரி தெரியும். ஆனா நம்ம வீட்டுப் பாட்டிகளுக்கு இது அத்துப்படி.

வெள்ளை வேட்டியைத் துவைச்சுட்டு கடைசித் தண்ணியில நீலம் போடுறது எதுக்கு? பழசான துணி மெல்ல மஞ்சளாகும். மஞ்சளுக்கு எதிர்ப்பக்கம் இருக்குற நிறம் நீலம். துளி நீலம் சேர்ந்ததும் மஞ்சள் கண்ணுக்கு அடங்கி, துணி ‘வெளுப்பா’ தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புத் தொட்டியில ஒரு பிடி நீலப் பொடியைக் கரைச்சதும் இதே கணக்குலதான். அளவு கூடிப்போன வருஷம் வீடே வெளிர் நீலமா மாறி நின்னதையும் வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க.

இப்போ கடையில நடக்குறதும் அதேதான். அந்த ரெண்டு ஷேடுக்கும் மெஷின்ல வெக்கிற டப்பாவுல இருக்குறது ஒரே மாதிரியான வெள்ளை பேஸ். முத்து வெள்ளை மாதிரி ஷேடுன்னா மஞ்சள் நிறமியும் துளி சிவப்பும் சொட்டும். சாம்பல் வெள்ளை மாதிரி ஷேடுன்னா முக்கியமா கறுப்பு நிறமி சொட்டும். ஒரு டப்பாவுக்கு விழறது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் நாலு சுவர்லயும் பரவி, உங்க வீட்டுக்கு ஒரு குணத்தைக் கொடுக்குது.

ஷேடு கார்டுல அந்தச் சாய்வு தெரியலைன்னா ஒரு வழி இருக்கு. ரெண்டு கார்டையும் ஒட்டி வெச்சு, பக்கத்துல ஒரு வெள்ளைத் தாளை வையுங்க. மஞ்சளும் சாம்பலும் உடனே வெளியே வந்துடும். ஆனா ‘ஐயோ, இவ்வளவு மஞ்சளா’ன்னு பயந்துடாதீங்க. பிரின்ட் எடுக்குற ஏ4 தாளை இன்னும் வெள்ளையா காட்ட, நீல ஒளி வீசுற ரசாயனம் சேர்ப்பாங்க. அதுவும் ஒரு நீலம் போட்ட வேட்டிதான். சாய்வு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்க.

லண்டன் டிப்ஸ் ராமநாதபுரத்துக்கு உதவாது

இன்டீரியர் வீடியோக்களில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: ‘வடக்குப் பார்த்த ரூமில் குளிர்ச்சியான, நீலம் கலந்த வெளிச்சம்தான் வரும். அதனால மஞ்சள் சாய்வுள்ள வெள்ளை அடிங்க.’

லண்டனுக்கு இது சரி. அங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கம்தான் நிற்கும். வடக்கு ஜன்னலுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் வானத்தோட நீல வெளிச்சம்.

ராமநாதபுரம் இருக்குறது பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி சொச்சம் வடக்கே. சித்திரை பிறக்குற ஏப்ரல் 14 வாக்குல நண்பகல் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வருது. அதுக்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும், நாலரை மாசம், நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம்! சன்ஷேடு தடுக்குறதால நேர் வெயில் உள்ளே வராம இருக்கலாம். ஆனா வடக்குப் பக்கத்து மணல், காம்பவுண்டு சுவர், சிமென்ட் தரை எல்லாம் வெயில்ல காயும். அதுல பட்டு எகிறுற வெளிச்சம்தான் உங்க ரூமுக்குள்ள வரும். மணல்ல பட்டு வர்ற வெளிச்சம் நீலமா இருக்காது, மணல் நிறத்துலதான் இருக்கும்.

அப்போ நம்ம ஊருக்கு என்ன கணக்கு?

வெட்டவெளிக்கு நடுவுல, மணல் பார்த்த வீடு: உள்ளே ஏற்கெனவே மஞ்சள் வெளிச்சம் வந்துக்கிட்டு இருக்கு. முத்து வெள்ளை அதோட சேர்ந்து இன்னும் மஞ்சளாகும். சாம்பல் வெள்ளை அதைச் சமன் பண்ணும்.

மேற்குப் பார்த்த ஹால்: சாயங்காலம் நாலு மணிக்கு மேல வெயில் ஆரஞ்சா சாய்ஞ்சு விழும். அந்த நேரத்துல முத்து வெள்ளை வெண்ணெய் மாதிரி ஆகிடும். சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காதுன்னா சாம்பல் வெள்ளை எடுங்க.

பக்கத்து வீட்டோட ஒட்டின சந்து பார்த்த ரூம்: கீழக்கரை மாதிரி நெருக்கமான தெருக்களில் இது சகஜம். உங்க ஜன்னலுக்கு வர்றது பக்கத்து வீட்டுச் சுவரோட நிறம். அது பச்சைன்னா உங்க வெள்ளையும் லேசா பச்சை பூசிக்கும். இந்த ரூமுக்கு வெளிச்சமே கம்மி. வெளிச்சம் கம்மியான இடத்துல சாம்பல் வெள்ளை ‘அழுக்குச் சுவர்’ மாதிரி தெரியும் ஆபத்து உண்டு. இங்கே முத்து வெள்ளைதான் கைகொடுக்கும்.

ராத்திரி ஆட்டத்தை மாத்துறது டியூப் லைட்

நீங்க ஆபீஸ், காலேஜ் போயிட்டு வந்து வீட்டைப் பார்க்குறதே ஆறு மணிக்கு மேலதான். அப்போ சூரியன் கணக்கு செல்லாது, எல்இடி கணக்குதான்.

பல்பு அட்டையில 3000, 4000, 6500னு ஒரு கெல்வின் எண் போட்டிருக்கும். எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் பக்கம் போகும். நம்ம வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருக்குறது 6500, அந்தப் பளீர் வெள்ளை.

6500-ல முத்து வெள்ளையோட மஞ்சள் அடங்கி, சுவர் கிட்டத்தட்ட வெறும் வெள்ளையா தெரியும். சாம்பல் வெள்ளை நீலம் ஏறி, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆகும்.

3000-ல அப்படியே தலைகீழ். முத்து வெள்ளை சந்தனம் பூசின மாதிரி ஆகிடும். சாம்பல் வெள்ளை கதகதப்பான, அமைதியான ஒரு வெள்ளையா மாறும்.

நீங்க இன்டர்நெட்டில் சேவ் பண்ணி வெச்சிருக்குற அந்த அழகான சாம்பல் பெட்ரூம் போட்டோவை நல்லாப் பாருங்க. ஓரத்துல மஞ்சள் விளக்கு ஒண்ணு எரியும். அந்தக் கலரை மட்டும் காப்பி அடிச்சு, மேல 6500 டியூப்பை மாட்டினா அந்த போட்டோ உங்க வீட்டுல வராது. சாம்பல் வெள்ளைதான் வேணும்னா, லைட்டையும் 3000 இல்ல 4000-க்கு மாத்தத் தயாரா இருங்க. அதுக்கு வீட்டுல சம்மதம் கிடைக்காதுன்னா முத்து வெள்ளைக்கே போயிடுங்க.

தரையும் கதவும் ஓட்டுப் போடும்

பாரிஸ்ல கோபெலின் சித்திரத் திரைச்சீலை ஆலையில சாயப் பிரிவுக்குப் பொறுப்பா இருந்த செவ்ரோல் என்ற வேதியியலாளர், 1839-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பக்கத்துல இருக்குற நிறம்தான் ஒரு நிறம் எப்படித் தெரியணும்னு தீர்மானிக்குது என்பதுதான் அதோட சாரம். நூலோட நிறத்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, அதுக்குப் பக்கத்து நூலைப் பார்க்கணும்னு அவர் கண்டுபிடிச்சார். சுவருக்கும் அதேதான்.

ரெட் ஆக்சைடு தரை இல்ல ஆத்தங்குடிக் கல் போட்ட பழைய வீடா? சிவப்பு வெளிச்சம் கீழேருந்து சுவர்ல ஏறும். முத்து வெள்ளை பீச் பழ நிறத்துக்குப் போகும். சாம்பல் வெள்ளை கொஞ்சம் நிதானமா நிற்கும்.

க்ரீம் கலர் டைல்ஸா? முத்து வெள்ளை தரையோட சேர்ந்துடும். சாம்பல் வெள்ளை அடிச்சா டைல்ஸ் பழசான மாதிரி தெரியும். சாம்பல் டைல்ஸ்னா இதையே திருப்பிப் போட்டுக்கோங்க.

சீலிங்கைச் சுத்த வெள்ளையா விடப் போறீங்களா? அதுக்குப் பக்கத்துல முத்து வெள்ளை இன்னும் மஞ்சளா தெரியும்.

கதவு, ஜன்னலுக்கு வெள்ளை எனாமல் அடிக்கிறீங்களா? எண்ணெய் சார்ந்த எனாமல் வெள்ளை வருஷம் போகப் போக மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் படாத இடத்துல சீக்கிரமா. முத்து வெள்ளைச் சுவர் பக்கத்துல அது தெரியாது. சாம்பல் வெள்ளை பக்கத்துல காட்டிக் கொடுத்துடும்.

வீடியோ கால் ஏன் ஏமாத்துது?

போன் கேமராவுக்கு ‘ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்’னு ஒரு வேலை உண்டு. மஞ்சள் வெளிச்சத்துல எடுத்தாலும் வெள்ளையை வெள்ளையா காட்டணும்னு அது தானா நிறத்தைத் திருத்தும். உங்க சுவர் மஞ்சள் சாய்வா, சாம்பல் சாய்வான்னு பார்க்கத்தான் நீங்க போட்டோவே எடுக்குறீங்க. கேமரா முதல்ல அழிக்கிறதே அந்தச் சாய்வைத்தான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்குறவர் போனில் கண்ணுக்கு இதமான ‘நைட் மோட்’ ஓடிக்கிட்டு இருந்தா, அது தன் பங்குக்கு மஞ்சளைப் பூசும்.

தூரத்துல இருக்குறவங்களுக்குக் காட்டியே ஆகணும்னா, ரெண்டு கலரையும் தனித்தனி போட்டோவா அனுப்பாதீங்க. ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல, பக்கத்துல டைல்ஸ் துண்டோடும் கதவோடும், பகல்ல எடுங்க. நிறம் துல்லியமா இருக்காது. ஆனா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தப்பிச்சுப் போகாது. இன்னும் நல்ல வழி, ரெண்டு ஷேடு கார்டையும் ஊருக்கு வந்துட்டுத் திரும்புற யாராவது ஒருத்தர்கிட்டக் கொடுத்து அனுப்புறது.

எந்த வெள்ளையையும் தின்னுடும் உப்பு

இவ்வளவும் பார்த்துப் பார்த்து கலர் எடுத்தாலும், கடலோர ஊர்ல ஒரு பொது எதிரி இருக்கு. உப்பு.

கட்டுமானத்துக்கும் பூச்சு வேலைக்கும் உவர்த் தண்ணி பயன்படுத்தியிருந்தா உப்பு சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456-ன் படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணி கரிக்குதுன்னா கொத்தனார் வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடியே சோதிச்சுடுங்க. சுவர்ல ஓதம் ஏறுறப்போ அந்த உப்பும் கூடவே வெளியே வரும். தண்ணி காத்துல போயிடும், உப்பு வெள்ளையா பூத்து நிற்கும். மேல எமல்ஷன் இருந்தா அதைத் தூக்கிக்கிட்டு வரும். பொரிஞ்சு உதிர்ற சுவர்ல முத்தும் ஒண்ணுதான், சாம்பலும் ஒண்ணுதான்.

பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சுவரோட அடிப்பகுதியில ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ஒரு நாள் கழிச்சு உள்பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா சுவர்ல ஈரம் இருக்கு. அந்த ஈரம் எங்கேருந்து வருதுன்னு பார்த்து அடைக்காம மேல பெயிண்ட் அடிக்கிறது வீண். பூத்திருக்குற உப்பைத் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கரைஞ்சு மறுபடி உள்ளேயே போயிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. புதுப் பூச்சுன்னா குறைஞ்சது 4 வாரம் காயவிடுங்க.

உங்க வீடு பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டின பழைய வீடா? (அந்தக் கட்டுமானம் எப்படின்னு பார்க்கணும்னா, 1964 புயலில் சிதைஞ்ச தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர்களைப் பாருங்க.) அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விடும். எமல்ஷன் அந்த மூச்சைத் தடுத்துடும். அங்கே ரெண்டு கலருமே வேண்டாம், சுண்ணாம்பே அடிங்க. நீலம் சேர்க்காத சுண்ணாம்பு தர்ற வெள்ளைக்கு எந்த ஷேடு கார்டும் தேவையில்லை.

முடிவு எடுக்க மூணு நாள் போதும்

ரெண்டு ஷேடுலயும் சின்ன சாம்பிள் டப்பா வாங்குங்க. சுவர்ல நேரா அடிக்காம, ரெண்டு பெரிய சார்ட் அட்டையில ரெண்டு கோட் அடிங்க. எமல்ஷன் காயக் காய கொஞ்சம் அடர்த்தியாகும். சுண்ணாம்பு காயக் காய வெளுக்கும். அதனால ஈரத்துல பார்த்து முடிவு பண்ணாதீங்க.

அட்டை ரெண்டையும் ஜன்னல் சுவர்ல ஒரு நாள், உள்சுவர்ல ஒரு நாள், கதவுப் பக்கத்துல ஒரு நாள் ஒட்டி வையுங்க. ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணி, சாயங்காலம் நாலரை, ராத்திரி லைட் போட்ட பிறகுன்னு மூணு தடவை பாருங்க. வீட்டுல எல்லாரும் அதிக நேரம் உட்காருற நேரம் எதுவோ, அந்த நேரத்துல பிடிச்ச கலர்தான் உங்க கலர்.

அட்டை ஒட்டவும் பொறுமை இல்லையா? இந்த மூணு வரியை வெச்சு முடிவு பண்ணுங்க.

வெளிச்சம் கம்மியான ரூம், 6500 டியூப் லைட், க்ரீம் டைல்ஸ், வெள்ளை எனாமல் கதவு: முத்து வெள்ளை.

வெயிலும் மணலும் பார்த்த ரூம், மஞ்சள் லைட், சிவப்பு இல்ல சாம்பல் தரை: சாம்பல் வெள்ளை.

ரெண்டும் கலந்து இருக்குற வீடு: ரூமுக்கு ஒண்ணு வெச்சுக்கலாம், தப்பே இல்லை. ஒரே ரூமுக்குள்ள மட்டும் ரெண்டையும் கலக்காதீங்க. முத்து வெள்ளை பழசான மாதிரியும், சாம்பல் வெள்ளை அழுக்கான மாதிரியும் ஒண்ணையொண்ணு காட்டிக் கொடுத்துடும்.

கடைசியா ஒண்ணு. ஒரு ரூமுக்குத் தேவையான மொத்தப் பெயிண்ட்டையும் ஒரே தடவையில வாங்கிடுங்க. ரெண்டு டப்பான்னா பெயின்டர் அண்ணன்கிட்டச் சொல்லி ஒரே பக்கெட்டில் ஊத்திக் கலக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க. டப்பா மூடியில ஒட்டியிருக்குற ஷேடு நம்பரை ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வையுங்க. நாலு வருஷம் கழிச்சு ஒரு ஆணி பிடுங்கின இடத்தை டச் அப் பண்ணும்போது, ‘வெள்ளைதான், ஆனா எந்த வெள்ளை?’ன்னு யாரும் தேட வேண்டியிருக்காது.